சப்பாத்தைக் கழற்றாத மனிதர்

நவமணியின் வீட்டில் சந்தேகம் குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. அரிசி பருப்பில் பங்கு கேட்காமல், கூடத்தில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு அது வீட்டையே ஆட்டிப்படைப்பதைத்தான் சில வாரங்களாகப் பார்த்து வருகிறோம்.

பக்கத்து வீட்டுக்காரர் பத்திரிகையை இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தராததால் போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு சின்ன நினைவூட்டல். ரவாங் பட்டணத்தில் ஒரு தாமான் குடியிருப்பு, அதில் வரிசை வீடு. நவமணி கையுறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கிறிஸ்தவப் பெண். அவள் கணவர் சிவானந்தம் தண்ணீர் இலாகாவில் கணக்கெழுதும் கிராணி. நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசலைத் தாண்டாத மனிதர்.

சைவக்காரரைக் கட்டிக்கொண்டு பொட்டோடு வந்து நிற்கிறாள் என்று பழைய சபையில் நவமணிக்குத் திருவிருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ரொட்டித் தட்டும் கோப்பையும் வரிசையாக வரும். அவள் முழங்காலருகே வந்ததும் நிற்காமல் அடுத்தவருக்குப் போய்விடும். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். மகள் திலகம் வளர்ந்து ஆசிரியர் பயிற்சிக்குப் போய், அவளுக்குச் சம்பந்தம் பேசும் காலமும் வந்துவிட்டது. கோப்பை மட்டும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நவமணி பாதியில் எழுந்து வந்துவிட்டாள். தன் வீட்டுக் கூடத்திலேயே பாயை விரித்துப் புதுச் சபையைத் தொடங்கினாள். சட்டம் ஒன்றுதான்: யார் வேண்டுமானாலும் வரலாம். பொட்டு வைத்தவர்கள் வந்தார்கள், நேற்றிரவு கள்ளுக்கடையில் உட்கார்ந்தவர்கள் வந்தார்கள், தமிழரைக் கட்டிக்கொண்ட ஒரு சீனத்தியும் வந்தாள். பாஸ்டர் பாலன் நடத்திக் கொடுக்க ஒப்புக்கொண்டார். சிவானந்தமோ, "சாமி உங்களது, காடி என்னது" என்று சொல்லிவிட்டு, தூரத்து ஆட்களைத் தம் டட்சன் காரில் ஏற்றிவந்து இறக்குவார். கூட்டம் முடியும்வரை கோப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பார்.

அந்தச் சபையில் இன்றைக்குத்தான் முதல் திருவிருந்து. நவமணிக்கு விடியும் முன்பே விழிப்பு வந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் எழுந்தாள். கணவர் வாயைத் திறக்கும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது.

ரொட்டி வாங்கப் போய்த் திரும்பிய சிவானந்தம், நேரே சமையலறைக்கு வந்தார்.

"நேத்து ஆபீசுல பெரியவரு கூப்பிட்டாரு."

"என்னவாம்?"

"'ஞாயித்துக்கெழமை உன் வீட்டு வாசல்ல நெறைய சிலிப்பர் கெடக்குதாமே, என்ன விசேஷம்?'னு கேட்டாரு."

திராட்சைச் சாற்றைக் கலக்கிக்கொண்டிருந்த நவமணி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"யாரு சொன்னாங்களாம்?"

"அதைச் சொல்லுவாரா? சிரிச்சிக்கிட்டே கேட்டாரு. அதான் பயமா இருக்கு. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல லா."

அது போலீஸ் வந்து ஆட்களை இரவோடு இரவாகப் பிடித்துக்கொண்டு போன வருடம். மதம், மொழி என்று யார் பேச்செடுத்தாலும் கோப்பிக்கடையில் குரல்கள் தாழ்ந்துபோன வருடம். அரசாங்க வேலையில் இருப்பவர் வீட்டில் வாராவாரம் கூட்டம் நடந்தால் யாருக்குத்தான் பயம் இருக்காது? சிவானந்தத்தின் பயத்தை நவமணி குறை சொல்லவில்லை.

"அந்த ஆளுதான்," என்றார் சிவானந்தம்.

எந்த ஆள் என்று அவள் கேட்கவில்லை. வீட்டில் ஒரு மாதமாக 'அந்த ஆள்' என்றால் ஒருவர்தான்.

வயதானவர். ஒல்லி. முழுக்கைச் சட்டை. எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு மெதுவாக வருவார், வாசலை ஒட்டியே உட்கார்ந்துகொள்வார். பாட மாட்டார். ஜெபம் முடிந்து எல்லோரும் பசியாறும்போது ஒரு வாய் கோப்பிகூடக் குடிக்க மாட்டார், அதற்குள் எழுந்து போய்விடுவார். ஊர் பேர் சொல்ல மாட்டார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காலில் இருக்கும் சப்பாத்தைக் கழற்ற மாட்டார்! வீட்டுக்குள் நுழையும்போது மந்திரியானாலும் கழற்றிவிட்டுத்தானே வருவான்? இவர் கறுப்புச் சப்பாத்தோடு வந்து, பாயை மிதிக்காமல் கவனமாக ஓரத்தில் உட்கார்வார்.

இடது கை எப்போதும் காற்சட்டைப் பைக்குள்தான். "உள்ள ரெக்கார்டர் இருக்குக்கா. பட்டனை அமுக்கிக்கிட்டு உக்காந்திருக்காரு," என்று நவமணியோடு வேலை செய்யும் ரமணி அடித்துச் சொல்கிறாள். போன வாரம் அவளிடமே அவர் கேட்டாராம், "இந்த வீட்டம்மா எந்தத் தோட்டத்துல பொறந்தவங்க?" என்று. பிறந்த தோட்டத்தை எவன் கேட்பான்? ரகசியப் போலீஸ்காரன்தான் கேட்பான்.

"கவனிச்சியா, நான் இல்லாத நேரமாப் பாத்துத்தான் வர்றான்," என்றார் சிவானந்தம். "நான் கோப்பிக்கடைக்குப் போன பொறவு வர்றான், நான் வர்றதுக்கு முன்ன போயிடறான். ஒரு நாள்கூட அவன் மூஞ்சிய நான் பாத்ததில்ல."

"பாஸ்டர்கிட்ட கேட்டேன். 'வர்றவரை வர விடுங்கம்மா'ன்னு சிரிக்கிறாரு."

"அவரு ஏன் சிரிக்கிறாரு? அவருக்கு மட்டும் என்ன தெரியுமாம்?"

நவமணிக்கும் அதே கேள்வி சில நாட்களாக உறுத்திக்கொண்டுதான் இருந்தது. பாலனைக்கூட நம்பலாமா என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். சந்தேகத்தின் குணமே இதுதான். ஒருவர் மேல் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் மேலும் தெறிக்கும்.

"அவன் எஸ்.பி. ஆளேதான், ரகசியப் போலீசு!"

குரல் உள்ளறையிலிருந்து வந்தது. தாயம்மா. நவமணியின் அம்மா. கோலா சிலாங்கூர் பக்கம் ஆறாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவள். கணவர் செல்லையா, பாசிர் பெனம்பாங்கில் மீன் படகில் வேலைக்குப் போனவர், படகு முழுகி ஆற்றோடு போய்விட்டார். அப்போது நவமணி சின்னக் குழந்தை. அப்பா என்றால் அவளுக்கு அந்த ஆறுதான். இன்றைக்கும் பஸ் அந்த ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்ப்பாள்.

தாயம்மா அறை வாசல்வரை வந்து நின்றாள். "இன்னிக்கு வந்தா உள்ள விடாத நவமணி. வாசல்லயே சொல்லி அனுப்பிடு. புள்ளைக்குச் சம்பந்தம் பேசற நேரத்துல போலீசு கீலீசுன்னு பேரு வரவேணாம்."

"யாரு வேணும்னாலும் வரலாம்னு சொல்லித்தானேம்மா ஆரம்பிச்சோம்?"

"வரலாம். வேவு பாக்க வரலாம்னு சொன்னியா?" என்றார் சிவானந்தம்.

மாமியாரும் மருமகனும் இப்படி ஒரே குரலில் பேசுவது அதிசயம்தான். முந்தின வாரம்கூட மீன் குழம்பில் புளி ஏறிப்போனதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தவர்கள். நவமணிக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை.

"வேற ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றார் சிவானந்தம் குரலைத் தணித்து. "சப்பாத்தைக் கழட்டிட்டு வாங்கன்னு சொல்லு. கழட்டுனா உக்காரட்டும். கழட்டலைன்னா அவனே போயிடுவான். நம்ம மேல பாவமும் இல்ல, பழியும் இல்ல."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

* * *

வாசலில் சிலிப்பர்கள் குவிந்தன. சிவானந்தம் கடைசி ஆளை இறக்கிவிட்டுக் காடியைத் திருப்பிக்கொண்டு போனார். பாஸ்டர் பாலன் மோட்டார் சைக்கிளை வேலியோரம் நிறுத்திவிட்டு வந்து, கூடத்தில் வட்டமாக விரித்திருந்த பாயைப் பார்த்துத் தலையசைத்தார். நடுவில் ரொட்டி, ஒரே ஒரு கோப்பை.

"முன் வரிசை, பின் வரிசை கிடையாது. சுத்தி வரட்டும்," என்றார்.

நவமணி வாசலிலேயே நின்றாள். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. அவர் வந்தார்.

படியருகே வந்ததும் நின்று, அவள் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஐயா, சப்பாத்தைக் கழட்டிட்டு உள்ள வாங்க."

அவர் படியிலேயே நின்றார்.

"உள்ள பாய் விரிச்சிருக்கு. இன்னிக்குத் திருவிருந்து. எல்லாரும் கழட்டிட்டுத்தான் உக்காந்திருக்காங்க."

"என்னால முடியாதும்மா."

"ஏன்?"

அவர் கீழே குவிந்து கிடந்த சிலிப்பர்களைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க சொல்றதுதான் முடிவாம்மா?"

"ஆமாங்க."

"சரிம்மா. நல்லா இருங்க."

கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். தெருமுனையில் திரும்பும்வரை நவமணி பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பித்தோம் என்றுதான் நினைத்தாள்.

* * *

பாலன் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தார். கோப்பை சுற்ற ஆரம்பித்தது. முதலில் சீனத்தி. அடுத்து அவள் புருஷன். கள்ளுக்கடை மனிதர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நவமணி.

கோப்பை அவள் கைக்கு வந்துவிட்டது. தாண்டிப் போகவில்லை. எத்தனை வருடம் எதிர்பார்த்த கனம் அது! உதட்டருகே கொண்டுபோனாள்.

"ஒரு ஆளு கொறையுதே," என்றார் பாலன். "வாசப் பக்கம் ஒரு பெரியவர் உக்காருவாரு. இன்னிக்குக் கண்டிப்பா வர்றேன்னாரே?"

நவமணிக்கு அடுத்து உட்கார்ந்திருந்த ரமணிதான் வாயைத் திறந்தாள்.

"அக்கா வாசல்லயே அனுப்பிட்டாங்க பாஸ்டர். சப்பாத்தைக் கழட்ட மாட்டேன்னுட்டாரு."

பாலனின் முகம் மாறியது.

"கழட்டச் சொன்னீங்களா?"

"அவரு போலீசுன்னு..." என்று ஆரம்பித்தாள் நவமணி.

"போலீசா! அவரு காலுல விரல் கெடையாதும்மா. ஆஸ்பத்திரியில அளவெடுத்துத் தச்சுக் குடுத்த சப்பாத்து அது. அதைக் கழட்டிட்டு நடந்தா கீழ என்ன குத்துனாலும் அவருக்குத் தெரியாது. உணர்ச்சியே இல்லாத காலு. கையும் மடங்கிப் போச்சு, அதான் பாக்கெட்டுல வச்சிக்கிறாரு."

"எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள் ரமணி.

"சுங்கை பூலோ."

அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. குஷ்டம் கண்டவர்களைக் கொண்டுபோய் வைத்த குடியிருப்பு அது. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே பேச்சு நின்றுபோன காலம் உண்டு. ரமணி கோப்பைக்காக நீட்டியிருந்த கையை மெதுவாக மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"நான் அவரு பக்கத்துல உக்காந்திருந்தேனே பாஸ்டர்."

"உக்காந்தா என்ன? அவருக்குக் கொணமாகிப் பல வருஷம் ஆச்சு. அது இனிமே யாருக்கும் ஒட்டாது. அங்கயே பூச்செடி வளத்து வித்துக்கிட்டு இருக்காரு. நான் ஜெபத்துக்குப் போறப்ப, இந்த வீட்டுச் சபையைப் பத்திச் சொன்னேன். அன்னிக்கே வரணும்னு நின்னாரு."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" கள்ளுக்கடை மனிதரின் குரலில் வருத்தம் இருந்தது.

"சொல்ல வேணாம்னு அவரு கேட்டுக்கிட்டாரு. எனக்கும் சரின்னு பட்டுச்சு. வியாதியைச் சொல்லி அனுமதி வாங்கிட்டுத்தான் ஒருத்தர் உள்ள வரணும்னா, 'யாரு வேணும்னாலும்'னு எதுக்குச் சொல்லணும்?"

யார் முகத்தையும் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் அது நேராக நவமணியிடம் வந்து சேர்ந்தது. பழைய சபையில் தன்னைத் தாண்டிப்போன கோப்பையை எத்தனை முறை வயிறெரிய நினைத்திருப்பாள்! இன்றைக்கு அவளே வாசலில் நின்று ஒரு மனிதரைத் தாண்டிப்போகச் சொல்லியிருக்கிறாள்.

கோப்பையை ரொட்டியின் பக்கத்தில் வைத்தாள். குடிக்கவில்லை.

"நான் போயி அவரைக் கூட்டிட்டு வர்றேன் பாஸ்டர். அதுவரைக்கும் நிறுத்தி வைங்க."

கைப்பை அம்மாவின் அறையில் இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தாயம்மா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முட்டி வலி, பாயில் உட்கார முடியாது என்று ஒரு மாதமாகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அறையை விட்டு வெளியே வருவதில்லை.

"அம்மா, அந்த ஆளு போலீசு இல்லம்மா. சுங்கை பூலோவுலருந்து வந்தவரு. காலுல விரலே இல்லாதவரைப் போயி சப்பாத்தைக் கழட்டச் சொல்லி வெரட்டிட்டேன்."

தாயம்மா திரும்பவில்லை.

"ரெண்டு காலுலயும் இல்ல," என்றாள்.

"என்ன?"

"மொதல்ல ஒரு காலுலதான் வந்துச்சு."

நவமணி கைப்பையோடு கட்டிலருகே வந்தாள். அம்மா அவரைப் பார்த்ததே இல்லை. ஒரு ஞாயிறும் வெளியே வந்ததில்லை. ஆனாலும் போலீஸ்காரன் என்று எல்லோரையும்விட உறுதியாகச் சொன்னது அம்மாதான். சந்தேகம் என்கிற அந்த விருந்தாளி, கூடத்தை விட்டு எழுந்து இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்ததை நவமணி உணர்ந்தாள்.

"அவரு யாரும்மா?"

தாயம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"அம்மா, உன்னத்தான் கேக்கறேன். யாரு அவரு?"

"படகு முழுகலடி," என்றாள் தாயம்மா.

நவமணி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"என்னை என்ன பண்ணச் சொல்ற?" தாயம்மாவின் குரல் உயர்ந்தது, கூடத்தில் ஆட்கள் இருப்பது நினைவு வந்து தாழ்ந்தது. "தோட்டத்து லயத்து வீட்டுல தெரிஞ்சா விட்டு வச்சிருப்பாங்களா? வேலை வாங்கற மண்டோரு மறுநாளே பெட்டியத் தூக்கி வெளிய எறிஞ்சிருப்பான். பைப்புல ஒரு வாளி தண்ணி புடிக்க விட்டிருக்க மாட்டாங்க. உன்னை எவன் கட்டியிருப்பான்? செத்தவன் மகளுக்குக் கல்யாணம் ஆகும். அந்த வியாதிக்காரன் மகளுக்கு ஆகாது. முழுகிட்டேன்னு சொல்லிடுன்னு அவருதான் சொன்னாரு. அவரு வாயாலயே சொன்னாரு."

"இத்தனை வருஷமா ஆத்தப் பாத்து அழ விட்டியேம்மா!"

"அழுதாலும் நல்லபடியா வாழ்ந்தியா இல்லையா?"

நவமணிக்கு ஆத்திரமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, இப்போதே ஓட வேண்டும் என்ற தவிப்பு இருந்தது.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது," என்றாள் தாயம்மா, மறுபடியும் சுவரைப் பார்த்துக்கொண்டு.

* * *

கூடத்தைத் தாண்டும்போது ரமணியின் இடம் காலியாக இருந்ததை நவமணி பார்த்தாள். இன்னும் இரண்டு மூன்று இடங்களும் காலி. கையில் பைபிளோடு பாலன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வாசலில் கிடைத்த சிலிப்பரை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸின் சோம்பேறித்தனத்துக்கு அவள் வாழ்க்கையில் முதல் முறையாக நன்றி சொன்னாள். கடைசி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். தனியாக இருக்கிறோம் என்ற தைரியத்தில் இடது கையை வெளியே எடுத்து மடியில் வைத்திருந்தார். விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. அவளைக் கண்டதும் கை அவசரமாகப் பைக்குள் போனது.

என்ன சொல்லி ஆரம்பிப்பது? வழியெல்லாம் யோசித்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"பஸ்சு இன்னும் வரலையா?"

"ஞாயித்துக்கெழமை இல்லையாம்மா. அதுக்கு இஷ்டப்பட்டா வரும்."

பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா சொல்லிட்டாங்க."

அவர் சட்டென்று திரும்பினார். "தாயம்மாவா? உசிரோட இருக்காளா?"

"இருக்காங்க."

கிழவர் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நவமணிக்கு அவர் முதுகைத் தொட வேண்டும் போலிருந்தது. தொட்டாள். எலும்பு தட்டியது.

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்," என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஒங்க சபைக்குன்னு வரலம்மா, பொய் சொல்லக் கூடாது. பாஸ்டர் வீட்டுக்காரம்மா பேரைச் சொன்னதும் நீயாத்தான் இருக்கும்னு வந்து, பொறந்த தோட்டத்தைக் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன். வாசல்ல உக்காந்தா உள்ளருந்து அவ சத்தம் எதாச்சும் கேக்கும்னு நெனச்சேன். நீங்கள்லாம் பாடுவீங்க. நான் பாடாம காதைத் தீட்டிக்கிட்டு இருப்பேன். ஒரு தடவையும் கேக்கல. போயிட்டாளோன்னு பயம். கேக்கவும் முடியல. நான் யாருன்னு சொல்லிக் கேக்கறது?"

"திடீர்னு ஏன் பயம் வந்துச்சு?"

"நாலு மாசமா வரலையே."

"எங்க வரல?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இந்த முறை அந்தக் கண்ணில் சந்தேகம் இருந்தது.

"நீதானே நிறுத்துன?"

"எதை?"

"மாசாமாசம் அவ அங்க வந்து என்னைப் பாக்கறதை. நீ கண்டுபுடிச்சுத் தடுத்துட்டேன்னு நெனச்சேன். இன்னிக்கு வாசல்ல நின்னுக்கிட்டு, சப்பாத்தைக் கழட்டுன்னியே, அப்ப நிச்சயமே ஆயிருச்சு. என் காலு தெரிஞ்சு, நீ வேணும்னே கேக்கறேன்னு நெனச்சேன்."

"ஐயோ, நீங்க இருக்கறதே எனக்குத் தெரியாதே!"

இதைச் சொன்னபோதுதான் நவமணிக்கு அழுகை வந்தது. தான் அவரைப் போலீஸ்காரர் என்று நினைத்துப் பயந்த ஒரு மாதமும், அவர் தன்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும், ஒரே கூடத்தில்.

மாதாமாதம். பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு என்று சொல்லி அம்மா ஒரு பை நிறைய அரிசியும் கருவாடும் கட்டிக்கொண்டு கிளம்புவது அவள் நினைவுக்கு வந்தது. முட்டி வலிக்காரி எப்படிப் போவாள், எப்படித் திரும்புவாள் என்று ஒரு நாளும் கவலைப்பட வேண்டியிருந்ததில்லை. ஏன் இருந்ததில்லை?

"அம்மா தனியாவா வருவாங்க?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒரு காடி பஸ் நிலையத்துக்குள் திரும்பி அவர்கள் எதிரே வந்து நின்றது. டட்சன்.

சிவானந்தம் இறங்கினார். "நவமணி, என்னா இது? பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிட்டாங்க, பாஸ்டர் அப்படியே உக்காந்திருக்காரு, நீ இங்க..."

பெஞ்சில் இருந்தவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

செல்லையா எழுந்தார். அழுத முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"வாங்க மாப்ள! நாலு மாசமா ஒரு தகவலும் இல்லையே. வீட்டுக்கு வந்தும் ஒங்களை ஒரு நாளும் பாக்க முடியல, ஒங்களுக்குத்தான் ஒடம்பு சரியில்லையோன்னு இருந்தேன்." பிறகு மகளிடம் திரும்பினார், மருமகனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லும் எந்த மாமனாரையும் போல. "இவரு காடியிலதானேம்மா உங்கம்மா வருவா. தங்கமான மனுஷன். போன தீபாவளிக்கு எங்க ரெண்டு பேத்தையும் பாசிர் பெனம்பாங்குக்குக் கூட்டிட்டுப் போயி மீனு வாங்கிக் குடுத்தாரு."

சிவானந்தம் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். திருநீற்றின் மேல் வியர்வை இறங்கியது.

நவமணி அவரைப் பார்த்தாள். கழட்டலைன்னா அவனே போயிடுவான் என்று காலையில் அடுப்படியில் நின்று சொல்லிக்கொடுத்த மனிதர். நான் அவன் மூஞ்சியைப் பார்த்ததில்லை என்ற மனிதர். அந்தக் கால்கள் எப்படி இருக்கும் என்று இந்த ரவாங்கிலேயே நன்றாகத் தெரிந்தவர். ஆபீசில் பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டது உண்மையா, அதுவும் இவர் கட்டியதா? இருபது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்திய ஆளை அவள் முதல் முறையாக அன்னியனைப் போல் பார்த்தாள்.

"நவமணி, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"அப்புறம் கேக்கறேன்."

முன்கதவைத் திறந்தாள். "ஏறுங்கப்பா."

அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை. செல்லையா தயங்கினார், மருமகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், ஏறி உட்கார்ந்தார். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். சிவானந்தமும் வந்து உட்கார்ந்தார்.

"எங்க போகணும்?"

"நம்ம வீட்டுக்கு. அது ஒண்ணுக்குத்தான் இவரை நீங்க இன்னும் கூட்டிட்டுப் போகல."

சிவானந்தம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். வண்டியைக் கிளப்பவில்லை.

"ஒளிச்சது தப்புதான். ஆனா வர்றதை நிறுத்தச் சொன்னது நான் இல்ல நவமணி. உங்கம்மாதான். 'இனிமே கூட்டிட்டுப் போகாதீங்க மாப்ள, அவரு எனக்கு வேணாம்'னாங்க. அவங்க வாயாலயே சொன்னாங்க."

செல்லையா மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். "வேணாம்னாளா? ஏன் மாப்ள?"

சிவானந்தம் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைத் திருப்பினார். கண்ணாடியில் அவருடைய கண்கள் மட்டும் நவமணிக்குத் தெரிந்தன. இவர் சொல்வது மெய்யா, இதுவும் பொய்யா? அம்மாவிடம் கேட்டால் மட்டும் மெய் வருமா? ஒன்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. காலையில் ஒரு முறை வாசலில் நின்று இந்த மனிதரை அனுப்பியாகிவிட்டது. இன்னொரு முறை யார் பேச்சைக் கேட்டும் அனுப்புவதாக இல்லை.

"வண்டிய எடுங்க," என்றாள்.